ஒரு பந்துகூட அடிக்காமல் ஊர் திரும்பிய 12 அணிகள்... பெண்கள் கல்லூரி கோல்ஃப் கோச்சுகளின் கதை!

2021 மே மாதம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள பேட்டன் ரூஜ் நகரம். கல்லூரிப் பெண்களுக்கான தேசிய கோல்ஃப் போட்டியின் தகுதிச்சுற்று அங்கே நடக்கவேண்டும். 18 அணிகள் வந்து இறங்கிவிட்டன. கூடவே மழையும் வந்தது. விட்டபாடில்லை.

மூன்றாம் நாள் காலையில் போட்டிக்குழு சார்பில் அறிவிப்பு வந்தது. 'மைதானம் ஆடக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. ஆனால், சாம்பியன்ஷிப் தரத்தில் இல்லை' என்றார்கள். தரவரிசையில் முதல் 6 இடங்களில் இருந்த அணிகள் அப்படியே அடுத்த சுற்றுக்குப் போயின. மீதி 12 அணிகளும் ஒரு பந்துகூட அடிக்காமல் மூட்டை கட்டின. முந்தைய வருடம் கொரோனாவால் தேசியப் போட்டியே நடக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாணவிகள் கண்ணீரோடு நின்ற வீடியோ ஊரெல்லாம் பரவியது.

அன்று அந்தப் பெண்களைத் தேற்றி, பெட்டிகளை வண்டியில் ஏற்றி, வீட்டுக்குக் கூட்டிப்போனவர்கள் அவர்களுடைய கோச்சுகள்தான். இந்த கோச்சுகளுக்கென்றே அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது. பெயர், விமன்ஸ் கோல்ஃப் கோச்சஸ் அசோசியேஷன்.

தனிச் சங்கம் ஏன்?

ஆண்கள் கல்லூரி கோல்ஃப் கோச்சுகள் 1958-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். பெண்கள் அணி கோச்சுகளின் சங்கம் பிறந்தது 1983-ல். காரணம் எளிது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, பெண்களுக்கான கோல்ஃப் சாம்பியன்ஷிப்பை முதன்முதலில் நடத்தியதே 1982-ல்தான். முதலில் 'நேஷனல்' என்று இருந்த சங்கத்தின் பெயர் பிறகு 'விமன்ஸ்' என மாறியது.

ஆனால், பெண்கள் ஆட்டம் அதற்கும் வெகு காலம் முந்தியது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் இருந்த கிளாடிஸ் பால்மர், 1941-லேயே கல்லூரிப் பெண்களுக்கு தேசிய கோல்ஃப் போட்டியை நடத்திக் காட்டினார். பெண்களுக்குள் போட்டி என்றாலே உடற்கல்வி ஆசிரியைகளே முகம் சுளித்த காலம் அது! சங்கம் இன்றும் அவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறது.

சங்கத்தின் இன்னொரு விருது ஈடித் கம்மிங்ஸ் பெயரில். 1923-ல் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டம் வென்றவர். மறுவருடம் 'டைம்' இதழின் அட்டையில் இடம்பிடித்த முதல் விளையாட்டு வீராங்கனை. படிப்பிலும் ஆட்டத்திலும் சிறந்த மாணவிக்கு இந்த விருது போகிறது. நன்றாகப் படிக்கும் வீராங்கனைகளின் பட்டியலையும் சங்கம் வருடந்தோறும் வெளியிடுகிறது. அதில் இடம்பெற, 4-க்கு 3.5 மதிப்பெண் சராசரி வேண்டும். விளையாட்டில் ஜெயித்தால் போதும், படிப்பு எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிடாத சங்கம் என்பதே பெரிய ஆறுதல்.

ஆறாவது பெண்

கோல்ஃப் தனிநபர் ஆட்டம்தானே, கோச்சுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். கல்லூரி கோல்ஃபில் ஓர் அணிக்கு 5 பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த 4 பேரின் ஸ்கோர் மட்டுமே கணக்கில் சேரும். தொழில்முறை ஆட்டம்போல பையைத் தூக்க ஆள் கிடையாது. மாணவியே தூக்கவேண்டும், அல்லது தள்ளுவண்டியில் தள்ளவேண்டும். கோச் மைதானத்தில் கூடவே நடந்து, எந்தக் குச்சியை எடுப்பது, காற்று எந்தப் பக்கம் என்று ஆட்டத்தின் நடுவிலேயே ஆலோசனை சொல்லலாம்.

அதைவிடக் கஷ்டமான வேலை, போட்டிக்கு முன்னால் இருக்கிறது. அணிக்குள்ளேயே சுற்றுகள் வைத்து 5 பேரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் ஆறாவதாக வந்த பெண்ணிடம், 'இந்த வாரம் நீ வரவில்லை' என்று சொல்லவேண்டும்.

இந்த வேலையை ஆயுசு முழுக்கச் செய்தவர்கள் உண்டு. அரிசோனா ஸ்டேட்டின் லிண்டா வோல்ஸ்டெட் 6 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தார். 1984-ல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்த டான் பிரூக்ஸ் 7 பட்டங்கள். ஆமாம், பிரூக்ஸ் ஆண்தான். ஆட்டம் பெண்களுடையது என்றால் கோச்சும் பெண்ணாக இருக்கவேண்டும் என்பதில்லை. இதில் ஒரு முரண் இருக்கிறது. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு கொடுத்த 'டைட்டில் நைன்' சட்டம் 1972-ல் வந்தபோது, பெண்கள் அணிகளின் கோச்சுகளில் 10-ல் 9 பேர் பெண்கள். பணமும் மரியாதையும் வந்த பிறகு, எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஸ்டான்ஃபோர்டுக்கு 2015, 2022, 2024 என 3 பட்டங்கள் வாங்கித் தந்த ஆன் வாக்கர், 2025 இறுதிப்போட்டியில் அவர் அணியை 3-2 என வீழ்த்திய நார்த்வெஸ்டர்ன் கோச் எமிலி ஃப்ளெட்சர் போன்றவர்கள் இருப்பதால் நம்பிக்கை போய்விடவில்லை.

புதிய கவலை

இதுவரை பெரிய பிரிவில் ஒரு பெண்கள் அணிக்கு 6 முழு ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு 4.5 என்று உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரச ஒப்பந்தம் அதை மாற்றியது. அதில் சேரும் கல்லூரிகள் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் ஸ்காலர்ஷிப் தரலாம். ஆனால், அணியில் 9 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. கூடவே, முதல் வருடத்தில் ஒரு கல்லூரி சுமார் 2 கோடி டாலர்வரை வீரர்களுக்கே நேரடியாகப் பங்கு தரலாம். வசூல் கொட்டுவது அமெரிக்கக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் என்பதால், பங்கும் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

ஆகவே கோல்ஃப் கோச்சுகள் இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள். பட்ஜெட் வெட்டு வந்தால் முதலில் கை வைப்பது எங்கே என்று ஒரு பக்கம். அணியின் அளவு என்று மறுபக்கம். ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூடவே பயிற்சி எடுக்கிறேன் என்று ஆசையோடு வரும் பத்தாவது பெண்ணுக்கு இனி இடமில்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டியதும் கோச்தான்.