கையால் கடைந்த பேனா: திருகு கெட்டால் யார் பொறுப்பு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமாவுக்கு, உடன் வேலை செய்தவர்கள் கைக்காசு போட்டு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார்கள். ஈட்டி மரத்தில் வழவழவென்று கடைந்தது. மேல் பாதியைத் திருகினால் முனை வெளியே வரும். மூன்றாவது வாரம் வங்கியில் கையெழுத்துப் போட அழுத்தினார்; முனை மெல்ல உள்ளே போய்விட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, “கையால செஞ்சது சார், அப்படித்தான் இருக்கும்” என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வருபவர்கள் பலர். திரும்ப வேண்டியதில்லை.

கடைந்தது ஒன்று, பொருத்தியது ஒன்று

திருவள்ளூர் பேனாவுக்குப் பேர் போன ஊர். இங்கே லேத்தில் எபோனைட் கட்டையைக் கடைந்து செய்யும் ரங்கா மை பேனாக்களை வெளிநாட்டிலிருந்தும் தேடி வாங்குகிறார்கள். அத்தகைய மை பேனாவில் மூடியின் மரையைக்கூடக் கடைபவரே வெட்டுகிறார். திருகு பேனா அப்படியல்ல. வெளி உடல் கடைபவரின் கைவேலை. உள்ளே இருக்கும் திருகு பாகம் பெரும்பாலும் செட்டாக வாங்கிப் பொருத்தியது. ‘கைவினை’ என்ற சொல் அந்தப் பாகத்துக்குப் பொருந்தாது.

அந்தப் பாகத்தின் வேலை எளிது. சிறு உலோகக் கூட்டுக்குள் சாய்வாக ஓடும் ஒரு தடம். மேல் பாதியைச் சுற்றும்போது அந்தச் சுற்று, நேராக முன்னே தள்ளும் அசைவாக மாறி ரீஃபிலைத் தள்ளுகிறது. மெல்லிய வகைப் பேனாக்களில் இதை 7 மி.மீ. பித்தளைக் குழாயில் அழுத்தி ஏற்றுகிறார்கள். எவ்வளவு ஆழம் ஏற்றுகிறோமோ அதைப் பொறுத்தே முனை வெளியே நீளும். அதிகம் ஏறினால், திருகி மூடிய பிறகும் முனை எட்டிப் பார்க்கும்; சட்டைப் பையில் கறை. குறைவாக ஏறினால் முனை எழுதும் அளவுக்கு வராது. கோணலாக ஏறினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நசுங்கி, பிடிப்பு தளரும். குழாயை ஒட்டிய பசை உள்ளே வழிந்து இறுகினாலும் திருகு முரண்டு பிடிக்கும்.

வாங்கும்போது பாருங்கள்

கடையிலேயே பத்து முறை திருகிப் பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கை உணரும்படி நிற்க வேண்டும். முனையை வெளியே எடுத்து, எழுதும் சாய்வில் தாளில் நன்றாக அழுத்துங்கள், பின்வாங்கக் கூடாது. மூடினால் முனை முழுக்க உள்ளே போக வேண்டும். ரீஃபிலைக் கழற்றிக் காட்டச் சொல்லி, அதே வகை நம் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். திருகு பாகத்தை மாற்றித் தருவாரா, எத்தனை மாதம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. பில் தர மறுப்பதே அதன்படி நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று அச்சடித்திருப்பதால் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பு நீங்காது. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே; எனவே பரிசாகப் பெற்றவரும் கேட்கலாம். இணையத்தில் வாங்கியிருந்தால், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

முதலில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். திருகு நழுவுவதைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பலன் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கு மேல் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கடைபவர்களுக்கும் ஒரு சொல்

மட்டமான திருகு பாகத்தால் பெயர் கெடுவது உங்களுக்குத்தான். விற்பதற்காக வாங்கும் பாகத்துக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் கைகொடுக்கும். வந்த சரக்கைச் சோதித்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே சரக்கு வந்த அன்றே ஒவ்வொரு கட்டிலும் சிலவற்றைத் திருகிப் பாருங்கள். தவறு இருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

மாமாவின் நண்பர்கள் பில் வாங்கி வைத்திருந்தார்கள். 30 நாள் முடியுமுன் அதை எடுத்துக்கொண்டு போனோம். பில்லைப் பார்த்ததும் விற்றவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பேனாவைப் பிரித்தார். திருகு பாகம் கோணலாக ஏறியிருந்தது. புதிது போட, கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கடைந்த கையின் உழைப்பு வீணாகாமல் காத்தது, மடித்து வைத்திருந்த அந்தப் பில்தான்.