கண்டங்கத்திரி வேறு, முள்ளுக்கத்தரி வேறு

நாட்டு மருந்துச் சரக்கில் எளிதில் மாறிப்போகும் ஜோடி இவை. இரண்டும் கத்தரி இனம். இரண்டிலும் முள், ஊதாப் பூ. கண்டங்கத்திரி தரையோடு படரும். முள் நேரானது, மஞ்சளானது. காய் கோலிக்குண்டு அளவு. முள்ளுக்கத்தரி இடுப்பளவு நிமிர்ந்து வளரும், முள் வளைந்திருக்கும், காய் சுண்டைக்காய் அளவு.

தசமூலத்தின் பத்து வேர்களில் இவை இரண்டும் தனித்தனியே சேர்கின்றன. ஒன்றையே இரண்டு பங்காகக் கட்டிக் கொடுத்தால் பத்துச் சரக்கு ஒன்பதாகிவிடும். வெறும் வேரிலோ, இடித்த தூளிலோ வித்தியாசம் காண்பது கடினம். ஆகவே தண்டும் காயும் சேர்ந்த சரக்கையே கொள்முதல் செய்வோம். தனித்தனி மூட்டையில் பெயர் எழுதி வைப்போம். பட்டியலிலும் அதே பெயரைப் போடுவோம். நோயாளி நம் சொல்லை நம்பித்தான் வாங்கிச் செல்கிறார்.