பி.எஸ்.ஏ. அளவு 4-ஐ தாண்டினால் புற்றுநோயா? ரத்தப் பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் பி.எஸ்.ஏ. என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது: 6.2. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கூகுளில் தேடி, 'புற்றுநோய்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் தூக்கம் போய்விடும். உண்மையில் அந்த எண் என்ன சொல்கிறது?

பி.எஸ்.ஏ. என்பது புற்றுநோய்க் கட்டி மட்டுமே சுரக்கும் பொருள் அல்ல. ஆண்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி இயல்பாகவே சுரக்கும் புரதம். அதில் கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். வயதானால் வரும் சாதாரண புரோஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, சிறுநீர் டியூப் போட்டிருப்பது என எது வந்தாலும் அளவு கூடலாம். அவ்வளவு ஏன், முந்தைய நாள் தாம்பத்திய உறவுகூட காரணமாகலாம்.

துல்லியம் எவ்வளவு?

ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 4 நானோகிராம் என்பதுதான் நீண்டகாலமாகச் சொல்லப்படும் எல்லை. 4 முதல் 10 வரை இருப்பவர்களுக்கு பயாப்ஸி (ஊசி மூலம் சதை எடுத்து சோதிப்பது) செய்தால், சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்ற மூவருக்கும் பயமும் ஊசி வலியும்தான் மிச்சம். 10-ஐ தாண்டினால் வாய்ப்பு பாதிக்கு மேல்.

அப்போ 4-க்குள் இருந்தா நிம்மதியா? அதுவும் முழுசா இல்லை. அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஆய்வில், 4-ஐ தாண்டாத 2,950 பேருக்கு பயாப்ஸி செய்தார்கள். 449 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அதாவது சுமார் 15%.

இன்னொரு சிக்கல், ஃபினாஸ்டெரைடு மாத்திரை. புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் இது பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். முடி உதிர்வுக்கும் இதே மருந்தைத் தருவதால், 'அது தலைமுடி மாத்திரைதானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட்?

பலன் இருக்கிறது, ஆனால் பெரிதாக இல்லை. ஐரோப்பாவில் 8 நாடுகளில் நடந்த ஆய்வின் 23 ஆண்டு முடிவுகள் 2025-ல் வந்தன. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புரோஸ்டேட் புற்றுநோய் மரணம் 13% குறைந்தது. கணக்குப்படி, 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படும். மறுபக்கம், ஆயுள் முழுக்க தொந்தரவே தராத, மெதுவாக வளரும் கட்டிகளும் கண்டுபிடிக்கப்படுகின்றன. அதற்கு ஆபரேஷன் செய்துகொண்டு சிறுநீர்க் கசிவோடும் ஆண்மைக் குறைவோடும் வாழ்பவர்கள் உண்டு.

அதனால்தான் எண் கூடினால் உடனே பயாப்ஸிக்குப் போவதில்லை. தொற்று இருந்தால் சரிசெய்து, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். 'ஃப்ரீ பி.எஸ்.ஏ.' விகிதம் பார்ப்பதும் உண்டு. அது 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் சந்தேகம் அதிகம், 25-க்கு மேல் என்றால் குறைவு. அடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதில் சந்தேகமான இடம் தெரிந்தால்தான் பெரும்பாலும் ஊசி.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்பதால், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரில் ரத்தம், விடாத முதுகெலும்பு வலி இருந்தால், பி.எஸ்.ஏ. நார்மல் என்றாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.