பேனாவும் வேண்டும், விசைப்பலகையும் வேண்டும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் காலனிகளில் ஒரு கேள்வி எழும். "பிள்ளையை டைப்ரைட்டிங் கிளாசில் சேர்க்கலாமா? இப்போதுதான் எல்லாம் செல்போனில் வந்துவிட்டதே, இனி அது எதற்கு?" இதற்கு நேர் எதிராக, "இனி எல்லாமே கம்ப்யூட்டர்தான், கையெழுத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று கேட்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். எழுத்து நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. அது எந்த வடிவில் வந்தாலும் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது.

112 அடி மனு

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். படிப்பே மறுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்த அவர், 1893-ல் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக அச்சில் ஏற்றினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால், உயர்சாதியினரே பதவிகளைப் பிடித்து நம் மக்களை மேலும் அழுத்துவார்கள் என்று கருதினார். அதே ஆண்டில் 3,412 பேரின் ஒப்பத்துடன் 112 அடி நீளமுள்ள மனு ஒன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை ஆரம்பித்தார். கையெழுத்து, கையொப்பம், அச்சு என்று அன்றைக்கு இருந்த எழுத்துக் கருவிகள் எல்லாவற்றையும் நம் முன்னோர் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அம்பேத்கரிடமும் இதைப் பார்க்கலாம். பேனாவை விடாமல் எழுதியவர் அவர். அவருடைய கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தவர்களில் முக்கியமானவர் நானக் சந்த் ரத்து. பஞ்சாபின் ஹோஷியார்பூர் பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து டெல்லிக்கு வந்து, அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த தலித் இளைஞர். பகலில் அலுவலகம், மாலையில் அம்பேத்கரின் வீடு என்று உழைத்தார். அம்பேத்கர் மறைந்த பிறகு 1957-ல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் பக்கங்களும் அப்படித் தட்டச்சாகியே அச்சுக்குப் போயின. தட்டச்சர் என்றால் சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் ரத்துவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ் திறக்கும் கதவு

இன்றைய நிலைமைக்கு வருவோம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளும் அடங்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தட்டச்சுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறியவருக்கு முன்னுரிமை. ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் தேறியவர்கள் அடுத்து வருவார்கள். ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம் வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் தட்டச்சுச் சான்றிதழ் இல்லாதவர் இந்தப் பணிகளுக்கு உரிமை கோர முடியாது. ஒதுக்கீடு இருந்தும் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். ஆகவே பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் தட்டச்சு வகுப்பில் சேருவது வீண் செலவு அல்ல.

ஒரே தமிழ், இரண்டு பலகை

மாணவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. பயிற்சி நிலையத்தில் கற்பது பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசை அமைப்பு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து, மலாயா, சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி உருவாக்கியவராக அறியப்படுகிறார். 247 எழுத்தையும் நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்குவது சாதாரண காரியமா? கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, பொறியில் ஏற்றினார்கள். அந்த வழியில் வந்த பலகையில் இடது கை விரல்களுக்கு ய, ள, ன, க, ப என்ற எழுத்துகளும், வலது கைக்குத் த, ம, ட போன்றவையும் நடுவரிசையில் இருக்கும்.

கணினிக்காக வந்தது தமிழ் 99. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகி, அதே ஆண்டு தமிழக அரசின் ஏற்பையும் பெற்றது. இதில் உயிரெழுத்துகள் இடது கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கையில். 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என்று 31 விசைகளைக் கற்றால் உயிர்மெய் அத்தனையும் வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 'மனு' என்று அடிக்க ம, ன, உ என்ற மூன்று தட்டு போதும். 'பட்டா' என்பதற்கு ப, ட, ட, ஆ. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்தின் மேல் புள்ளியைப் பலகையே போட்டுக்கொள்ளும். 'சங்கம்' என்பதில் ங-வுக்கு அடுத்து க வருவதால் அங்கேயும் புள்ளி தானாக விழும். கடைசி ம் என்பதற்கு மட்டும் நாம் போட வேண்டும். விசைப்பலகையில் இரண்டு விசைகளின் மேல் சிறு மேடு தட்டுப்படும். தமிழ் 99-ல் இடது மேடு புள்ளி, வலது மேடு ப. சுட்டுவிரல்கள் இரண்டும் அங்கே நின்றால், பலகையைப் பார்க்காமலே மற்ற விரல்கள் தம் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். தினம் அரை மணி நேரம், எல்லா விரல்களாலும், வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பிழையில்லாமல் அடித்துப் பழக வேண்டும். வேகம் பின்னாலேயே வரும்.

அரசுத் தேர்வு எழுதுபவர் பழைய பலகையை முதலில் முடித்துவிடுவது நல்லது. மற்றவர்கள் தமிழ் 99-லேயே தொடங்கலாம். எந்தப் பலகையானாலும் எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் அடித்த மனு இன்னொரு கணினியில் வெறும் கட்டமும் குறியுமாகத் தெரியும். யாராலும் படிக்க முடியாது.

கையெழுத்தை விடலாமா?

விடக்கூடாது. பள்ளித் தேர்வுகளும் குரூப் 1 முதன்மைத் தேர்வும் இன்றும் கையால் எழுதுபவைதான். மணிக்கணக்கில் பிறர் படிக்கும்படி எழுத வேண்டும். செல்போனில் தங்கிலீஷில் தட்டியே பழகிய கைக்கு அங்கே 'ர'வும் 'ற'வும் தடுமாறும், பத்துப் பக்கத்திலேயே விரல் வலிக்கும்.

படிப்பதற்கும் பேனா உதவுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் இருவரும் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் காதில் விழுந்ததை அப்படியே அடித்தார்கள். கையால் எழுதியவர்களால் அவ்வளவு வேகமாக எழுத முடியவில்லை. அதனால் கேட்டதைச் சுருக்கித் தம் சொல்லில் எழுதினார்கள். கருத்தைப் புரிந்து விடையளிக்கும் கேள்விகளில் கையால் எழுதியவர்களே முன்னே நின்றார்கள். பிறகு 2019-ல் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை. எதைக் கொண்டு எழுதினாலும் புரிந்துகொண்டு சொந்தச் சொல்லில் எழுத வேண்டும் என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பதிவேட்டில் இருப்பது என்ன?

எழுத்து நமக்கு வேலைக்கு மட்டுமா? 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். காரணை என்ற ஊரின் பெயர் அதனால்தான் நம் நினைவில் நிற்கிறது. அந்த நிலங்களுக்கெல்லாம் கையால் எழுதிய பழைய பதிவேடுகள் உண்டு. இன்றைக்கு வருவாய்த் துறையின் அ-பதிவேடும் பட்டாவும் கணினியில் பார்க்கக் கிடைக்கின்றன. கணினியில் ஏற்றியதும் பழைய ஏட்டில் இருந்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டையும் படிக்கத் தெரிந்த பிள்ளை ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பத்தைக் கையாலும் எழுதலாம், மின்னணு வழியிலும் அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் வடிக்கத் தகவல் அலுவலர் உதவ வேண்டும்.

காவல் நிலையத்திலும் இப்படித்தான். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-ன்படி, வாய்மொழியாகச் சொல்லும் புகாரை அதிகாரி எழுத்தில் பதிந்து, படித்துக் காட்டி, அதன் பிறகே ஒப்பம் வாங்க வேண்டும். பதிவின் நகலை இலவசமாகத் தர வேண்டும். இப்போது முதல் தகவல் அறிக்கை கணினியில் ஏறுகிறது. நாம் சொன்னதுதான் திரையில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒப்பமிடக் கூடாது. இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதும் பெயர், தந்தை பெயர், முன்னெழுத்து எல்லாவற்றையும் திரையில் படித்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் அலைய வேண்டிவரும்.

செய்ய வேண்டியது

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால், பயிற்சிக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் கொடுக்க முடியாத பெண் பிள்ளைகள் ஊரிலேயே பழகிக்கொள்ளலாம். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் கணினி வைத்துத் தமிழ்த் தட்டச்சு சொல்லித்தர வேண்டும். இதைக் கேட்டு மனுக் கொடுப்பதும் ஒரு பயிற்சியே. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது, மனு எழுதித் தர வெளியே ஆள் தேடாமல், ஊர்ப் பிள்ளையே தட்டச்சு செய்து கொடுக்கட்டும். அடியில் கைநாட்டு வைக்காமல் அம்மாவும் பாட்டியும் தம் பெயரைத் தம் கையால் எழுதட்டும். அதற்கும் அந்தப் பிள்ளையே சொல்லித்தரலாம்.