நோய்க்காலச் சம்பளம்: சுமையைத் தாங்குவோர் யார்?

உழைத்து வாழ்பவனுக்கு உடலே முதல். நோயினால் அம்முதல் முடங்கும்போது வருவாய் நின்றுவிடுகின்றது. வீட்டுச் செலவோ நிற்பதில்லை. ஆதலாற் காய்ச்சலோடும் வேலைக்குச் செல்வோர் உளர். அவர்தம் நோய் முற்றுவதோடு, அருகில் நின்று உழைப்போரையும் தொற்றுகின்றது. இவ்விடரைத் தீர்க்க எழுந்ததே நோய்க்காலச் சம்பளம். அதற்குரிய பணத்தை முதலாளி கொடுப்பதா, அரசாங்கம் கொடுப்பதா என்பது நெடுநாளைய வினா.

1883ஆம் ஆண்டு, பிஸ்மார்க்கின் ஆட்சியில், ஜேர்மனி நோய்க் காப்புறுதிச் சட்டத்தை இயற்றியது. கட்டணத்தில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளரும் ஒரு பங்கை முதலாளிமாரும் செலுத்தினர். பிரித்தானியாவில், லொயிட் ஜோர்ஜ் நிதியமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1911ஆம் ஆண்டுச் சட்டம், அரசாங்கத்தையும் பங்காளியாக்கியது. வாரந்தோறும் ஆண் தொழிலாளி 4 பென்சும் முதலாளி 3 பென்சும் செலுத்தினர். அரசாங்கத்தின் பங்கு 2 பென்சு எனக் கணிக்கப்பட்டது. நான்கு கொடுத்தவனுக்கு ஒன்பதின் பயன் கிடைத்தது.

பிற்காலத்தில் அந்நாட்டிற் பங்கு மாறியது. 1983 முதல் முதலாளிமாரே நோய்க்காலச் சம்பளத்தை வழங்கினர். அரசாங்கம் அத்தொகை முழுவதையும் அவர்களுக்கு ஈடுசெய்தது. 1991இல் அவ்வீடு நூற்றுக்கு எண்பதாகக் குறைந்தது. 1994இல், சிறு முதலாளிமார் தவிர்ந்த ஏனையோருக்கு அது அடியோடு நின்றது. 1995இல் வேறுவகை உதவியொன்று ஏற்பட்டது. அதுவும் 2014இல் நீங்கியது. ஆயினும் 2020இற் கொவிட் தொற்றுப் பரவியபோது, 250 பேருக்குக் குறைவானோரை வேலைக்கமர்த்திய நிறுவனங்களுக்கு, ஒருவருக்கு இரண்டு வாரச் சம்பளம் வரை அரசாங்கமே மீண்டும் ஈடுசெய்ய நேர்ந்தது.

இம்மாற்றங்கள் உணர்த்துவது யாது? ஆயிரம் பேர் உழைக்கும் ஆலைக்கு ஒருவரின் நோய் பெருஞ்சுமையன்று. நால்வர் உழைக்கும் கடைக்கோ அது பேரிடி. நோயுற்றவருக்கும் அவருக்குப் பதிலாக வந்தவருக்கும் ஒரே காலத்திற் சம்பளம் கொடுத்தல் வேண்டும். முழுச் சுமையும் தன் தலையில் விழுமென அஞ்சும் சிறு முதலாளி, முதியோரையும் முன்னர் நோயுற்றோரையும் வேலைக்கமர்த்தத் தயங்குவான். தொழிலாளியைக் காக்க வந்த சட்டமே அவனுக்கு வாயிலை அடைத்துவிடும். மறுபுறம், யாவற்றையும் அரசாங்கமே கொடுக்குமாயின், தூசியும் ஈரமும் நிறைந்த வேலைத்தலத்தைத் திருத்தும் அக்கறை முதலாளிக்குக் குன்றலாம்.

இவ்விரண்டுக்கும் இடைவழியொன்று ஜேர்மனியில் உண்டு. அங்கு முதல் ஆறு வாரங்களுக்கு முதலாளி முழுச் சம்பளம் கொடுக்கின்றார். அதன்பின் நோய்க் காப்புறுதி நிதி, சம்பளத்தின் பெரும்பகுதியை ஏற்கின்றது. முப்பது பேர் வரை வேலைக்கமர்த்திய சிறு முதலாளிமார் பொது நிதியொன்றுக்குக் கட்டணம் செலுத்துகின்றனர். எவருடைய தொழிலாளி நோயுற்றாலும் அந்நிதி அவர் செலவில் நூற்றுக்கு 40 முதல் 80 வரை ஈடுசெய்கின்றது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாற்றான் தெரியும் என்பது பழமொழி. அவை யாருக்கு எப்பொழுது வருமென்று எவரும் அறியார். ஆதலின், வருமுன்னரே பலர் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்துப் பகிரும் சுமையே எவரையும் நசுக்காத சுமையாகும்.