கண்ணின் சிரைகளும் ‘நரம்பு’ என்னும் வழக்கும்

செஞ்சியை அடுத்த வல்லத்திலாயினும் சென்னையிலாயினும், கையில் ஊசி ஏற்ற இடம் வாய்க்காதபோது ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்பதே மக்கள் வழக்கு. ஈண்டு நரம்பு எனப்படுவது குருதியை இதயத்திற்கு மீட்டுச் செல்லும் சிரையாகும். யாழின் நரம்பு, இலையின் நரம்பு, புறங்கையில் புடைத்த நரம்பு என நீண்டு மெலிந்தனவற்றையெல்லாம் ஒரு சொல்லால் சுட்டிய இவ்வழக்கைப் பிழையென்று யாம் தள்ளோம். ஆயின் கண்ணைப் பற்றிப் பேசுங்கால் இச்சொல் பெருமயக்கம் விளைக்கின்றது. அம்மயக்கத்திற்குக் கண்ணின் அமைப்பே இடந்தருகின்றது.

விழித்திரையின் நாற்புறத்தினின்றும் வரும் சிறு சிரைகள் பார்வை நரம்பின் தலைப்பில் கூடி, மையச் சிரை என ஒன்றாகின்றன. அச்சிரை பார்வை நரம்பின் நடுவே புகுந்து, ஏறத்தாழ 1 செ.மீ. தொலைவு அதனுள்ளேயே சென்று, பின்னரே வெளிப்படுகின்றது. கோராய்டு என்னும் நடுப்படலத்தின் குருதியோ வேறு வழியிற் செல்லும். நீர்ச்சுழிபோல் வளைந்து கூடும் சுழிச்சிரைகள், பெரும்பாலும் நான்கு, வெண்படலத்தைச் சாய்வாகத் துளைத்து வெளியேறுகின்றன. இவையனைத்தும் இறுதியில் மண்டையோட்டின் அடியிலுள்ள குகை போன்ற குருதிக்குழியைச் சேரும். முகத்துச் சிரையும் கண்ணின் உள்மூலையருகே இவற்றோடு தொடர்புடையது. மூக்கருகே எழுந்த கட்டியைப் பிதுக்கலாகாது என்பது இதனாலேயே.

மையச் சிரை, நரம்போடு வெண்படலத்தைக் கடக்கும் நெருக்கிடத்தில் அடைபடுதல் உண்டு. அதன் கிளைகளோ, தடித்த தமனி மேலே குறுக்கிட்டு அழுத்துமிடத்தில் அடைபடும். குருதி கசிந்து விழித்திரை வீங்க, நோவின்றியே பார்வை மங்கும். உயர் குருதி அழுத்தமும் நீரிழிவும் உடையார்க்கு இது மிகுதி. இதனையும் ‘கண் நரம்பு அடைப்பு’ என்றே கூறக் கேட்கின்றோம்.

நரம்பே கெடும் நோய் வேறு. கண்ணினுள் ஊறும் நீர் (கண்ணீர் அன்று) கருவிழி விளிம்பிலுள்ள சல்லடை போன்ற வாயில் வழியே சிரைகளிற் கலக்கின்றது. அவ்வழி தடைப்படின் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு தேயும். இது கண் அழுத்த நோயில் நிகழ்வது. 1909-இல் சென்னை அரசினர் கண் மருத்துவமனையில் எலியட் என்பார் அவ்விளிம்பில் சிறு வட்டத் துளையிட்டு, அந்நீர்க்குப் புறவழி கண்டார். அழுத்தத்தைக் குறைப்பதன்றி, தேய்ந்த நரம்பை மீட்டல் இன்றும் இயலாது. சிரையடைப்பிலோ, கண்ணுள் செலுத்தும் ஊசிமருந்தால் வீக்கம் தணிந்து பலர்க்குப் பார்வை ஓரளவு மீளுகின்றது. ‘நரம்பு போயிற்று’ எனக் கேட்டு வாளாவிருப்பவர் இழப்பது இவ்வாய்ப்பினையே.

தமிழகப் பாடநூல்கள் சிரை, தமனி என்பனவற்றை ஈழத்துப் பாடநூல்கள் நாளம், நாடி என்கின்றன. சிரை, நாளம் இரண்டும் எமக்கு உடன்பாடே. நோயாளரிடத்து இவையும் வேண்டா. ‘கண்ணின் இரத்தக் குழாய்’ எனின் வல்லத்து முதியோர்க்கும் விளங்கும்.