வீட்டுக்கொரு ஹைட்ரஜன் பெட்டி: பணம் போடலாமா?

மணிமங்கலத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார்:

"எங்கள் நிலத்தில் ஒரு பகுதியைச் சென்ற ஆண்டு விற்றோம். அந்தப் பணம் வங்கியில் இருக்கிறது. சில நாட்களுக்கு முன்பு ஒருவர் வீட்டிற்கு வந்தார். இனி வீட்டுக்கு வீடு எரிபொருள் மின்கலம் வரப்போகிறதாம். தண்ணீரிலிருந்தே மின்சாரம் எடுக்குமாம். அதைச் செய்யும் கம்பெனியில் இப்போதே பணம் போட்டால் மூன்றே ஆண்டில் இரட்டிப்பாகுமாம். 'நீதான் சயின்ஸ் படிக்கிறாயே, இது நிஜமாம்மா?' என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள் ஐயா."

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியபின், ஏரிப் பாசன நிலம் பணமாக மாறிய குடும்பங்கள் பல. நிலம் ஒருமுறைதான் விற்கும். அந்தப் பணமும் ஒருமுறைதான் வரும். ஆகவே இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் தேட வேண்டும். இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அந்தக் கருவி உண்மையில் வேலை செய்யுமா? வேலை செய்தால், லாபம் தருமா? முதற் கேள்விக்கு உங்கள் வேதியியல் பாடம் விடை தரும். இரண்டாவதற்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரையுங்கள். (உப்பு வேண்டாம், உப்பிலிருந்து குளோரின் வாயு வரும்.) இரண்டு பென்சில்களின் இரு முனைகளையும் சீவி, நீரில் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். மேல் முனைகளை ஒரு 9 வோல்ட் பாட்டரியுடன் கம்பியால் இணையுங்கள். நீருக்குள் இருக்கும் பென்சில் முனைகளில் வாயுக் குமிழிகள் தோன்றும். ஒன்றில் வருவது ஹைட்ரஜன், மற்றொன்றில் ஆக்சிஜன். இதுவே நீங்கள் படித்த மின்னாற்பகுப்பு.

இரண்டு நிமிடம் கழித்துப் பாட்டரியை எடுத்துவிடுங்கள். அதே கம்பிகளை ஒரு மல்டிமீட்டரில் இணையுங்கள். என்ன வியப்பு! பாட்டரி இல்லாமலே ஒரு வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் சற்று நேரம் தெரிந்து, மெல்லக் குறைகிறது. பென்சில் முனைகளில் ஒட்டியிருந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மீண்டும் சேர்ந்து நீராகின்றன. அப்போது மின்சாரம் பிறக்கிறது. 1839ஆம் ஆண்டில் வேல்ஸைச் சேர்ந்த வில்லியம் குரோவ், பிளாட்டினத் தகடுகளைக் கொண்டு இதையேதான் செய்து காட்டினார். தொழிலால் வழக்கறிஞரான அவர், தம் கருவியை வாயு பாட்டரி என்றார்.

இன்றைய எரிபொருள் மின்கலமும் அடிப்படையில் இதுவே. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் காற்று, நடுவில் புரோட்டான்களை மட்டும் கடக்கவிடும் ஒரு மெல்லிய படலம். பிளாட்டினம் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜன் அணு புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் படலத்தின் வழியே போகிறது. எலக்ட்ரானுக்கு அந்த வழி இல்லை. அது வெளிக்கம்பியைச் சுற்றித்தான் மறுபக்கம் போக வேண்டும். அந்த ஓட்டமே மின்னோட்டம். ஒரு கலம் கொள்கையளவில் 1.23 வோல்ட் தரவேண்டும். நடைமுறையில் வேலை செய்யும்போது சுமார் 0.7 வோல்ட்தான் தரும். ஆகவே தட்டுகளை அடுக்குவதுபோல் பல கலங்களை அடுக்குகிறார்கள். 48 வோல்ட் வேண்டுமானால் ஏறத்தாழ 70 கலங்கள் தேவை.

1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலம் இத்தகைய மின்கலத்தைச் சுமந்து சென்றது. சந்திரனுக்குப் போன அப்போலோ விண்கலங்களில் மின்சாரத்தைத் தந்ததும் இதுவே. அதிலிருந்து வந்த நீரையே வீரர்கள் குடித்தார்கள். ஆகவே முதற் கேள்விக்கு விடை, 'வேலை செய்யும்' என்பதே. வந்தவர் சொன்னதில் பாதி உண்மை. ஏமாற்றங்கள் பலவும் பாதி உண்மையில்தான் தொடங்குகின்றன.

தண்ணீர் என்பது சாம்பல்

மற்றப் பாதியைப் பார்ப்போம். "தண்ணீரிலிருந்து மின்சாரம்" என்றார் அல்லவா? விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். ஹைட்ரஜன் எரிந்தால் மிஞ்சுவது தண்ணீர். அதாவது, தண்ணீர் ஹைட்ரஜனின் சாம்பல். சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமானால், எரியும்போது வெளிவந்த ஆற்றலைத் திருப்பிச் செலுத்தியாக வேண்டும்.

எவ்வளவு செலுத்த வேண்டும்? ஒரு கிலோ ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்க, நல்ல கருவிக்கும் 50 யூனிட் மின்சாரத்துக்குக் குறையாமல் செலவாகும். அந்த ஒரு கிலோவை எரிபொருள் மின்கலத்தில் செலுத்தினால் கிடைப்பது 16 அல்லது 17 யூனிட். ஐம்பது கொடுத்துப் பதினாறு வாங்கும் வியாபாரம் இது! அதே மின்சாரத்தை ஒரு லித்தியம் பாட்டரியில் சேமித்தால் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கும். ஆற்றல் மாறா விதிக்கு எந்தக் கம்பெனியும் விலக்கு வாங்க முடியாது.

ஜப்பானில் ஓடுகிறதே!

"ஜப்பானில் வீடுகளில் வைத்திருக்கிறார்களே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 2009ஆம் ஆண்டில் அங்கே 'எனி-ஃபார்ம்' என்னும் பெட்டி விற்பனைக்கு வந்தது. 2022க்குள் 4 லட்சம் பெட்டிகளுக்கு மேல் பொருத்தப்பட்டன. ஆனால் அது தண்ணீரில் ஓடவில்லை. நகரக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, சுமார் 700 வாட் மின்சாரம் செய்கிறது. எரிவாயுவின் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதம் மின்சாரமாகிறது. எஞ்சிய வெப்பத்தில் பெரும் பகுதி குளிக்க வெந்நீர் போடுகிறது. குளிர் நாடு, நாள்தோறும் தொட்டி நிறைய வெந்நீரில் குளிக்கும் வழக்கம், வீட்டிற்கு வரும் எரிவாயுக் குழாய், விலை மிகுந்த மின்சாரம். இவை நான்கும் சேர்ந்ததால்தான் அது அங்கே ஓடுகிறது.

அப்படியும் தொடக்கத்தில் ஒரு பெட்டியின் விலை 30 லட்சம் யென்னுக்கு மேல். அரசாங்கம் பெட்டிக்கு 14 லட்சம் யென் வரை மானியம் தந்தது. பத்தாண்டுகளில் விலை மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. ஆனாலும் இதைச் செய்து வந்த தோஷிபா நிறுவனம் 2017இல் இத்தொழிலை விட்டு விலகிவிட்டது.

இனி அந்தப் பெட்டியை மணிமங்கலத்தில் வைத்துப் பார்ப்போம். 10 லட்சம் யென் என்பது சுமார் ஐந்தரை லட்சம் ரூபாய். எரிபொருளுக்குச் சமையல் எரிவாயு என்று கொள்வோம். ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 180 யூனிட். அதில் 40 சதவீதம் மின்சாரமானால் 72 யூனிட். சிலிண்டர் 900 ரூபாய் என்றால், ஒரு யூனிட் பன்னிரண்டரை ரூபாய். சித்திரை வெயிலில் மணிமங்கலத்தில் யாருக்கு வேண்டும் வெந்நீர்? ஆகவே எஞ்சிய வெப்பம் வீணே.

உங்கள் வீட்டில் இரண்டு மாதத்திற்கு 400 யூனிட் செலவாகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 2,400 யூனிட். மின்வாரியத்திற்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாக மதிப்பிட்டாலும் ஆண்டிற்கு 19,200 ரூபாய். பெட்டியில் எரிபொருளுக்கு மட்டும் ஆகும் செலவு 30,000 ரூபாய். பெட்டியை வாங்காமல் அந்த ஐந்தரை லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டாலோ, ஆண்டு வட்டி 38,500 ரூபாய். அந்த வட்டியே மின் கட்டணம் முழுவதையும் கட்டி, அதற்குச் சமமான தொகையை மிச்சமும் வைக்கும்! வாங்குபவருக்கு நஷ்டமான பொருளை விற்று, பங்கு போட்டவருக்கு எப்படி லாபம் தர முடியும்?

திருச்சியில் படித்தவரின் கதை

இந்தத் துறையில் புகழ்பெற்ற பெயர்களுள் ஒன்று கே. ஆர். ஸ்ரீதர். திருச்சி மண்டலப் பொறியியற் கல்லூரியில் 1982இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். செவ்வாய்க் கிரகத்தின் கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் கருவியை நாசாவுக்காக வடிவமைத்தார். பிறகு அதைத் தலைகீழாக இயக்கினால் மின்சாரம் வருமே என்று எண்ணினார். 2001இல் அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய புளூம் எனர்ஜி.

2010 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் தம் பெட்டியைக் காட்டினார். ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் வீட்டுக்கான பெட்டி 3,000 டாலருக்கும் குறைவாகக் கிடைக்கும் என்றார். அந்த வீட்டுப் பெட்டி கடைக்கு வரவில்லை. இதற்குக் காரணம் என்ன? அவருடைய மின்கலம் பீங்கான் போன்ற திண்மப் பொருளால் ஆனது. சுமார் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் நன்கு வேலை செய்யும். அடிக்கடி அணைத்து ஏற்றினால், சுருங்கி விரிந்து விரிசல் காணும். வீட்டு மின்தேவையோ நிலையானதன்று. நள்ளிரவில் 100 வாட்; காலையில் மோட்டாரும் கிரைண்டரும் ஓடினால் 2,000 வாட். இரவும் பகலும் ஒரே சீராக மின்சாரம் கேட்கும் இடமே அதற்கு ஏற்றது. அத்தகைய இடங்கள்தான் கணிப்பொறித் தரவு மையங்கள். புளூம் நிறுவனமும் அங்கேதான் தன் சந்தையைக் கண்டது.

பங்கு விலையைப் பாருங்கள். 2018இல் ஒரு பங்கு 15 டாலருக்கு வெளியிடப்பட்டது. 2019இல் 3 டாலருக்கும் கீழே விழுந்தது. 2025இல் தரவு மையங்களின் தேவையால் 100 டாலரைத் தாண்டியது. வீட்டுப் பெட்டியை நம்பி அதில் பணம் போட்டவர் எதை எண்ணிப் போட்டாரோ அது நடக்கவே இல்லை, வேறொன்று நடந்தது. இடையில் பயந்து விற்றவர் நஷ்டப்பட்டார்.

இன்னொரு கதையும் உண்டு. 1999 அக்டோபரில் பிளக் பவர் என்னும் அமெரிக்க நிறுவனம், வீட்டு எரிபொருள் மின்கலம் செய்யப் போவதாகச் சொல்லிப் பங்கு ஒன்றை 15 டாலருக்கு வெளியிட்டது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது 150 டாலரைத் தொட்டது. 2002 முடிவில் 5 டாலருக்கும் குறைவு. பிற்பாடு அந்த நிறுவனம் பிழைத்துக் கிடந்தது வீடுகளால் அன்று. கிடங்குகளில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளால். உங்கள் ஒரகடத்துக் கிடங்குகளிலும் அந்த வண்டிகளைப் பார்க்கலாம். ஈயப் பாட்டரி வண்டிக்கு மின்னேற்ற ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். ஹைட்ரஜன் நிரப்பச் சில நிமிடங்கள் போதும். மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் அந்த நேரமே பணம்.

உழைப்புக் காலமும் ஒரு தடை. 5,000 மணி நேரம் உழைக்கும் மின்கலத்தைக் காரில் வைத்தால், மணிக்கு சராசரி 40 கிலோமீட்டரில் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிடும். வீட்டில் பத்தாண்டு இடைவிடாமல் ஓட வேண்டுமானால் 87,600 மணி!

அப்பாவிடம் என்ன சொல்வது?

வந்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? அதனால் ஒரு யூனிட்டுக்கு என்ன விலை ஆகும்? எஞ்சிய வெப்பம் எதற்குப் பயன்படும்? 'தண்ணீரிலிருந்து' என்று மட்டும் பதில் வந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு: பணம் திரட்ட அனுமதி இருக்கிறதா? ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. தமிழகத்தில் வைப்பாளர்களைப் பாதுகாக்க 1997ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. மூன்று ஆண்டில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு 26 சதவீதக் கூட்டு வட்டி. 7 சதவீதத்தில் பணம் இரட்டிக்கப் பத்தாண்டு ஆகும். இந்த வித்தியாசத்தை யார், எதை விற்று நிரப்பப் போகிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

இதனால் எரிபொருள் மின்கலமே பயனற்றது என்று எண்ணிவிடாதீர்கள். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் இத்துறை ஆராய்ச்சிகள் நடந்து வருகின்றன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய் நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைக்க 180 கோடி ரூபாய் செலவிடுவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. மலிவாக ஹைட்ரஜன் எடுக்கும் வழியும், பிளாட்டினம் தேவைப்படாத வினையூக்கியும் கிடைத்தால் மேலே போட்ட கணக்கு மாறும். அப்போது புதிய எண்களை வைத்து மறுபடி கணக்குப் போடலாம்.

இப்போதைக்கு உங்கள் வீட்டு மின் கணக்கீட்டு அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஊகித்த 400 யூனிட்டுக்குப் பதில் அதிலுள்ள உண்மையான எண்ணைப் போட்டு, அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள்.